வெப்ப மாதிரியும் காற்றோட்ட மாதிரியும் தரவு பரிமாறும் முறை: வன்னி வாசிகசாலை ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிட எனர்ஜிப்ளஸ். காற்று எந்த யன்னலால் வந்து எங்கே சுழன்று எதனால் போகிறது என்று பார்க்க ஓப்பன்ஃபோம். இரண்டும் இலவசம். இரண்டையும் தனித்தனியே ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒன்றின் விடையை எடுத்து மற்றதற்குக் கொடுக்கும் இடத்தில்தான் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

விழுந்தது அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. மென்பொருள் வழு எதுவும் காட்டாது. எண்ணை வாங்கிக்கொள்ளும், வண்ணப் படமும் தரும். ஒரே எண்ணுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள் என்பதை எந்தத் திரையும் சொல்லாது. அதனால் இந்த வழிகாட்டியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைவிட, எந்த ஒழுங்கில் செய்வது, ஒவ்வொரு எண்ணையும் எப்படிக் கொடுப்பது என்பதையே அதிகம் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிராமத்து வாசிகசாலை. கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கம், மூன்று புறமும் வயல். வெளி அளவு 20 அடிக்கு 30 அடி, 6 அங்குலச் சீமெந்துக் கல், மேலே அஸ்பெஸ்டோஸ் சீற், சீலிங் இல்லை. தெற்கிலும் வடக்கிலும் யன்னல்கள். நடுப்பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. யன்னலைப் பெரிதாக்குவதா, கூரைக்கு ஏதாவது செய்வதா என்பதுதான் கேள்வி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எனர்ஜிப்ளஸ், ஓப்பன்ஃபோம், பைதன் ஆகிய மூன்றும் ஒரே கணினியில் இருக்கட்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் துணை அமைப்பை நிறுவி ஓப்பன்ஃபோமை அதில் ஓட்டலாம். ஓப்பன்ஃபோமுக்கு இரண்டு கிளைகள் உண்டு. கட்டளைப் பெயர்கள் கிளைக்குக் கிளை, பதிப்புக்குப் பதிப்பு மாறும். எதை நிறுவினீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்.

கட்டடத்தின் அளவுகளை நாடா பிடித்து நீங்களே எடுங்கள். எங்கள் பக்கத்து வரைபடங்கள் பெரும்பாலும் அடியிலும் அங்குலத்திலும் இருக்கும். மேசன் கட்டி முடித்த அளவு வரைபடத்திலிருந்து கொஞ்சம் விலகியும் இருக்கும். யன்னலின் திறக்கும் பகுதியைத் தனியே அளவுங்கள். 4 அடி யன்னலில் ஒரு பக்கக் கதவு துருப்பிடித்துத் திறக்காது என்றால், காற்றுக்கு அது 2 அடி யன்னல்தான்.

கைபேசித் திசைகாட்டியால் கட்டடம் வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். கூரைச் சீற்றிலிருந்து தள்ளி நின்று பாருங்கள். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஊசியை இழுக்கும். எங்கள் வாசிகசாலை வடக்கிலிருந்து கிழக்குப் பக்கம் 20 பாகை திரும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 20 பிறகு இரண்டு இடங்களில் வரும்.

2. எந்த அளவுக்கு இணைப்பது என்று முடிவெடுங்கள்

மூன்று வகை உண்டு. முதலாவது ஒருவழி: வெப்ப மாதிரியின் மேற்பரப்பு வெப்பநிலைகளைச் சிஎஃப்டிக்கு (ஓப்பன்ஃபோம் செய்யும் காற்றோட்டக் கணிப்புக்கு) கொடுத்து, படத்தைப் பார்த்து நிறுத்திவிடுவது. இரண்டாவது மாறிமாறிக் கொடுப்பது: ஒரு நேரப்படியில் (கணக்கை நகர்த்தும் சிறு நேரத் துண்டில்) இது அதற்குக் கொடுக்கும், அடுத்த நேரப்படியில் அது இதற்குக் கொடுக்கும். இதைப் பிங்பொங் முறை என்பார்கள். மூன்றாவது, ஒரே நேரப்படிக்குள் இரண்டும் ஒத்துவரும் வரை சுற்றிச் சுற்றிக் கொடுப்பது. இதற்கு வெங்காய முறை என்று பெயர்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மூன்றாவதில் தொடங்கி, வருடத்தின் 8760 மணித்தியாலங்களுக்கும் சிஎஃப்டி ஓட்டப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். சிஎஃப்டியில் ஒரு மணித்தியாலத்தின் நிலையைத் தீர்க்கவே சாதாரண மடிகணினிக்கு அரை நாள் போகலாம்.

கேள்விக்குத் தேவையான சில மணித்தியாலங்களைத் தெரிவு செய்யுங்கள். எங்களுக்கு மூன்று போதும்: சோளகம் பலமாக வீசும் ஆகஸ்ட் பிற்பகல் 2 மணி, காற்று ஓய்ந்த ஏப்ரல் பிற்பகல் 2 மணி, அதே ஏப்ரலில் இரவு 8 மணி. இந்த மூன்றுக்கு மட்டும் வெங்காய முறை. மற்ற மணித்தியாலங்களை எனர்ஜிப்ளஸ் தானே பார்த்துக்கொள்ளும்.

காற்று ஓய்ந்த நேரத்தைத் தனியே எடுப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே காற்று செக்கனுக்கு 2 மீற்றர் ஓடினால் காற்றின் தள்ளுகைதான் ஆட்சி செய்யும். அப்போது வெப்பநிலை வேறுபாட்டை விட்டுக் கணக்கிட்டாலும் பெரிதாகப் பிழைக்காது. 0.2 மீற்றராக இறங்கினால் சூடான வளி மேலெழும் விசைதான் எல்லாவற்றையும் நடத்தும். 3 மீற்றர் உயரம், 10 பாகை வேறுபாடு என்று வைத்து ரிச்சாட்சன் எண்ணை (மேலெழும் விசைக்கும் காற்றின் தள்ளுகைக்கும் உள்ள விகிதத்தை) கணக்கிட்டுப் பாருங்கள்: முதலாவதில் ஏறத்தாழ 0.24, இரண்டாவதில் 24. நூறு மடங்கு வேறுபடும் இரண்டு நிலைமைகளை ஒரே ஓட்டத்தில் பிடிக்க முடியாது.

3. பரிமாற்றத் தாள்

கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள்: எந்தக் கணியம், எங்கிருந்து எங்கே போகிறது, என்ன அலகு, எதைச் சார்ந்து அளந்தது, எந்த நேரத்துக்குரியது. இந்த ஐந்து கட்டங்களும் நிரம்பாத எண்ணை அனுப்பக்கூடாது.

எங்கள் தாளில் நான்கு வரிகள்தான். காற்று அமுக்கக் குணகம் (மோதும் காற்று தன் வேகத்துக்குச் சுவரில் எவ்வளவு அமுக்கம் தருகிறது என்று காட்டும் எண்) சிஎஃப்டியிலிருந்து எனர்ஜிப்ளஸுக்கு. மேற்பரப்பு வெப்பநிலை எனர்ஜிப்ளஸிலிருந்து சிஎஃப்டிக்கு. யன்னல்களால் வரும் வளியின் திணிவுப் பாய்ச்சலும் (செக்கனுக்கு எத்தனை கிலோகிராம் வளி) அப்படியே. மேற்காவுகைக் குணகம் (மேற்பரப்பிலிருந்து வளிக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று காட்டும் எண்) சிஎஃப்டியிலிருந்து திரும்பி எனர்ஜிப்ளஸுக்கு.

ஏன் வெப்பநிலை போய்க் குணகம் திரும்பி வர வேண்டும்? மறுபக்கமாக வெப்பப் பாயத்தை (ஒரு சதுர மீற்றரால் போகும் வெப்பத்தை) கொடுத்து வாங்கினால் சுற்றுகள் ஊசலாடி வெடிப்பதுண்டு. வெப்பநிலையைக் கொடுத்துக் குணகத்தை வாங்கும் ஒழுங்கு உறுதியாக நிற்கும் என்பது ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

4. வடிவம்: சுவரின் எந்தப் பக்கம்?

எனர்ஜிப்ளஸுக்குச் சுவர் ஒரு தடிப்பில்லாத தாள். தடிப்பைப் பொருள் விவரத்தில்தான் கொடுப்போம். ஓப்பன்ஃபோமுக்கு வளி நிற்கும் இடம் வேண்டும். வெளி அளவில் வரைந்த மாதிரியை அப்படியே ஏற்றுமதி செய்தால் 20 × 30 என்று 600 சதுர அடி வரும். உள்ளே உண்மையில் இருப்பது 19 × 29, அதாவது 551. தரை 8 வீதம் குறைவு. வளியின் கனவளவும் அதே வீதத்தில் குறையும்.

நான் இரண்டு மாதிரிகளையும் உள் அளவில் வரைகிறேன். சின்னக் கட்டடத்தில் வெளிப்பரப்பு கொஞ்சம் குறைவதைவிட, பரிமாறும் பரப்பளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதே முக்கியம். வெளிக் காற்று ஓட்டத்துக்கு மட்டும் வெளி அளவில் தனி வடிவம் வேண்டும். காற்று வெளிச்சுவரில்தான் மோதுகிறது.

எனர்ஜிப்ளஸில் ஆள்கூறுகள் அறையின் உற்பத்திப் புள்ளியை (0,0,0 என்று எடுத்த மூலையை) சார்ந்தவையா, முழு உலகத்தைச் சார்ந்தவையா என்பதைப் பொது வடிவ விதிகளில் பாருங்கள். சார்பு ஆள்கூறு என்றிருந்தால், இரண்டு அறைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஏற்றுமதியாகும். கட்டடத்தின் வடக்கு அச்சுத் திருப்பமும் ஆள்கூறுகளில் எழுதப்படுவதில்லை. அது ஒரு தனி எண், ஓப்பன்ஃபோமுக்கு அது தெரியவே தெரியாது. 8ஆம் படிக்கு இது தேவைப்படும்.

அலகு: வடிவத்தைத் தாங்கி வரும் எஸ்டிஎல் கோப்பில் உள்ள எண்ணை ஓப்பன்ஃபோம் மீற்றர் என்றே எடுக்கும். வரைகலை மென்பொருள் மில்லிமீற்றரில் எழுதியிருந்தால் உங்கள் வாசிகசாலை ஒன்பது கிலோமீற்றர் நீளமாகிவிடும். வலை போட்டதும் (வளி நிற்கும் இடத்தைச் சின்னக் கலங்களாகப் பிரித்ததும்) செக்மெஷ் கட்டளையை ஓட்டி, அது காட்டும் எல்லைப்பெட்டி அளவைப் பாருங்கள். உள் நீளம் 8.84, அகலம் 5.79 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள்.

5. பெயர்கள்

இரண்டு மாதிரிகளிலும் ஒவ்வொரு மேற்பரப்புக்கும் ஒரே பெயர் இருக்கட்டும். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், அடிக்கோடு மட்டும் போட்டு. எனர்ஜிப்ளஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பார்ப்பதில்லை. விடைக் கோப்பில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும். ஓப்பன்ஃபோம் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும்.

கூரையை ஒரே மேற்பரப்பாக விடாதீர்கள். மேற்குச் சரிவும் கிழக்குச் சரிவும் பிற்பகலில் ஒரே சூட்டில் இருப்பதில்லை. வெப்ப மாதிரியில் ஒரு மேற்பரப்புக்கு ஒரு வெப்பநிலைதான் உண்டு. எனவே எந்த வேறுபாட்டைச் சிஎஃப்டியில் பார்க்க விரும்புகிறீர்களோ, அதை வெப்ப மாதிரியிலேயே பிரித்து வரைய வேண்டும்.

6. வானிலைக் கோப்பும் நேரமும்

கிளிநொச்சிக்கு வவுனியாத் தரவையா மன்னார்த் தரவையா எடுப்பது என்று கேட்பார்கள். மன்னார் நிலையம் கடலோரம். அங்கே காற்றும் ஈரப்பதனும் கடலோடு போகும். வயல்வெளிக் கட்டடத்துக்கு நான் வவுனியாவை எடுத்து, காற்று வேகத்தை மட்டும் இடத்தில் அளந்து ஒப்பிடுவேன்.

எனர்ஜிப்ளஸ் வாசிக்கும் ஈபிடபிள்யூ வானிலைக் கோப்பின் முதல் வரியில் நேர வலயம் 5.5 என்று இருக்க வேண்டும். கைப்பட எழுதுபவர்கள் ஐந்தரை மணித்தியாலத்தை 5.30 என்று எழுதிவிடுகிறார்கள். அது 12 நிமிடப் பிழை. சரிபார்க்க ஒரு நல்ல நாள் இருக்கிறது: சித்திரைப் புத்தாண்டு. கிளிநொச்சி ஏறத்தாழ வடக்கு 9.4 பாகையில் இருப்பதால் ஏப்ரல் 14ஐ ஒட்டிச் சூரியன் நடு உச்சியில் வரும், நேரம் ஏறத்தாழ 12.08. எனர்ஜிப்ளஸிடம் சூரிய உயரக் கோணத்தை நேரப்படி வாரியாகக் கேளுங்கள். 12.08ஐ ஒட்டி 90 பாகையைத் தொட்டால் இடமும் நேரமும் சரி. 11.56 பக்கம் உச்சிக்கு வந்தால் போய் அந்த 5.30ஐத் திருத்துங்கள்.

அடுத்தது நேர முத்திரை. எனர்ஜிப்ளஸ் 14:00 என்று எழுதும் மணித்தியால வரி 13:00 முதல் 14:00 வரையான சராசரி. சிஎஃப்டிக்கு ஒரு கணத்தின் நிலை வேண்டும். மணித்தியால அறிக்கையை விட்டு 10 நிமிட நேரப்படி அறிக்கையை எடுங்கள். பிற்பகலில் முகில் மறைத்தால் சீற் கூரையின் சூடு பத்து நிமிடத்திலேயே இறங்கிவிடும். மணித்தியாலச் சராசரி அதை மறைத்துவிடும்.

நள்ளிரவை அது 24:00:00 என்று எழுதும். பைதன் அந்த நேரத்தை ஏற்காது. அந்த வரியை அடுத்த நாள் 00:00 ஆக மாற்றும் இரண்டு வரி நிரலை முதல் நாளே எழுதிவிடுங்கள். அந்தச் சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமிக்கவும் வேண்டாம். திகதிகளைத் தன் விருப்பத்துக்கு மாற்றிவிடும்.

7. வெப்ப மாதிரியைத் தனியே ஓட்டுங்கள்

இணைப்பதற்கு முன் எனர்ஜிப்ளஸ் தனியே ஒழுங்காக ஓட வேண்டும். வழுக் கோப்பில் கடுமையான எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக்கூடாது. எந்த விடைகளைக் கேட்கலாம் என்ற பட்டியல் ஆர்டிடி கோப்பில் இருக்கும். பெயரை நினைவில் இருந்து எழுதாமல் அங்கிருந்து படியெடுங்கள்.

காற்றோட்டத்தை எனர்ஜிப்ளஸுக்குள் இருக்கும் ஏர்ஃப்ளோ நெற்வேர்க் என்ற பகுதி வழியாகக் கொடுங்கள். அதைப் பல அறைக் கணிப்புக்கு இயக்கினால், நீங்கள் முன்பு எழுதிய எளிய காற்றோட்ட விதிகளை எனர்ஜிப்ளஸ் கணக்கில் எடுக்காது. எச்சரிக்கை மட்டும் எழுதும். பழைய விதிகளைக் கோப்பிலேயே விட்டுவிட்டு, "மணிக்கு ஐந்து தடவை காற்று மாறும் என்று கொடுத்தேன், மாறவில்லையே" என்று ஒரு பிள்ளை இரண்டு நாள் தேடினார். அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

8. காற்றின் திசை

இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். ஒருமுறை கையால் செய்து பாருங்கள்.

வானிலைக் கோப்பில் காற்றுத் திசை என்பது காற்று வரும் திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே 225. ஓப்பன்ஃபோமுக்கு நீங்கள் கொடுப்பது காற்று போகும் திசையின் காவி. எனவே கிழக்குக் கூறு = கழித்தல் வேகம் × சைன், வடக்குக் கூறு = கழித்தல் வேகம் × கோசைன். அந்தக் கழித்தல் குறியை மறந்தால் காற்று வாடைக்காற்றாக மாறி வட யன்னலால் உள்ளே வரும். படம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

கட்டடம் 20 பாகை திரும்பியிருக்கிறது. மாதிரியோ நேராக வரையப்பட்டிருக்கிறது. ஆகவே கோணத்திலிருந்து 20ஐக் கழிக்க வேண்டும்: 205.

அடுத்து உயரம். நிலையம் 10 மீற்றர் உயரத்தில் அளக்கிறது. அங்கே செக்கனுக்கு 5 மீற்றர் என்றால், யன்னல் உயரமான 2.5 மீற்றரில் வயல்வெளிக்கு 4.1 வரும். எனர்ஜிப்ளஸில் நிலத்தின் தன்மையைப் புறநகர் என்று விட்டிருந்தால் அதே இடத்தில் 2.6 தான் வரும். வயல்வெளிக்கு நாட்டுப்புறம் என்பதே சரி. சிஎஃப்டியின் நுழைவுக் காற்று வடிவமும், உயரத்தோடு வேகம் எப்படிக் கூடுகிறது என்று சொல்லும் இதே அடுக்கெண்ணை, அதாவது 0.14ஐ, பின்பற்ற வேண்டும். ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் புறநகரமுமாக இருக்கக்கூடாது.

இப்போது 2.5 மீற்றர் உயரத்தில் காவி: கிழக்குக் கூறு −4.1 × சைன் 205 = 1.73, வடக்குக் கூறு −4.1 × கோசைன் 205 = 3.72. இரண்டும் நேர் எண்கள். காற்று வடகிழக்குப் பக்கமாகப் போகிறது. தாளில் ஒரு அம்புக்குறி போட்டு, தென் யன்னலால் உள்ளே வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

9. முதற் பரிமாற்றம்: காற்று அமுக்கக் குணகம்

வெளிக் காற்று ஓட்டத்தை முதலில் செய்வதற்குக் காரணம், யன்னலால் எவ்வளவு வளி வருகிறது என்பதே உள் மேற்பரப்பின் சூட்டைத் தீர்மானிக்கிறது என்பதுதான். பிழையான காற்றோட்டத்தில் கிடைத்த வெப்பநிலையைச் சிஎஃப்டிக்குக் கொடுத்துப் பயனில்லை.

யன்னல்களை மூடிய கட்டடத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் காற்றை ஓட்டி, ஒவ்வொரு யன்னல் இருக்கும் இடத்திலும் சராசரி அமுக்கத்தை எடுங்கள். வெப்பத்தை இங்கே சேர்க்க வேண்டாம். இதற்கு ஓட்டும் ஓப்பன்ஃபோம் தீர்வியான சிம்பிள்ஃபோம் தரும் அமுக்கம் ஏற்கெனவே அடர்த்தியால் வகுக்கப்பட்டது. அலகு பஸ்கால் இல்லை. ஆகவே குணகம் = அமுக்கம் ÷ (0.5 × வேகத்தின் வர்க்கம்). கீழே அடர்த்தியையும் பெருக்கிவிட்டால் எல்லாக் குணகங்களும் 14 வீதமளவில் குறைந்துவிடும்.

எந்த உயரத்து வேகம்? எனர்ஜிப்ளஸ் வெளிக் கணுவின் (யன்னலுக்கு வெளியே காற்றின் அமுக்கத்தைக் குறிக்கும் புள்ளியின்) உயரத்தில் உள்ள வேகத்தை எடுத்து அமுக்கத்தைக் கணக்கிடும். நீங்கள் 10 மீற்றர் வேகத்தால் வகுத்துவிட்டு, கணுவின் உயரத்தை 2.5 என்று விட்டால், 4.1ஐ 5 ஆல் வகுத்து வர்க்கமாக்குங்கள்: 0.67. அமுக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எந்த உயரத்தால் வகுத்தீர்களோ அதையே கணுவின் உயரமாக எழுதுங்கள்.

அதே கணுவில் கோணம் முழுமையானதா, சுவரைச் சார்ந்ததா என்று ஒரு தெரிவு இருக்கும். சுவரைச் சார்ந்தது என்றால் 0 என்பது சுவருக்கு நேரே மோதும் காற்று. அட்டவணையை எந்த முறையில் தயாரித்தீர்கள் என்பதைப் பரிமாற்றத் தாளில் பார்த்து நிரப்புங்கள்.

10. இரண்டாம் பரிமாற்றம்: வெப்பநிலையும் வளியும்

குணகங்களைப் போட்டு எனர்ஜிப்ளஸை மறுபடி ஓட்டி, தெரிந்தெடுத்த நேரத்துக்குரிய உள்முக வெப்பநிலைகளை எடுங்கள். வெளிமுகம் என்று ஒன்றும் பட்டியலில் இருக்கும். பெயர் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் கண் தவறும். சீமெந்துச் சுவரில் இரண்டுக்கும் நல்ல வேறுபாடு உண்டு.

செல்சியஸை 273.15 கூட்டிக் கெல்வினாக்குங்கள். மறந்தால் என்ன நடக்கும் என்று காட்டுகிறேன்: 48 பாகைக் கூரை 48 கெல்வின் ஆகும், அதை ஒட்டிய வளியின் அடர்த்தி கனமீற்றருக்கு 7.3 கிலோகிராமை நெருங்கும். உண்மையில் அது 1.1 அளவில் இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அடர்த்தியின் ஆகக்கூடிய பெறுமானத்தைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

ஆட்களின் வெப்பத்தை முழுவதுமாகக் கொடுக்காதீர்கள். 20 பேர், ஆளுக்கு 70 வாற்று என்றால் 1400. அதில் 30 வீதம் கதிர்ப்பு என்று எனர்ஜிப்ளஸில் கொடுத்திருந்தால், அந்த 420 வாற்று ஏற்கெனவே சுவர்களிலும் தரையிலும் விழுந்து அவற்றின் வெப்பநிலையில் சேர்ந்துவிட்டது. சிஎஃப்டியில் வளிக்குப் போக வேண்டியது 980 மட்டும். யன்னலால் விழும் வெயிலும் இப்படித்தான். தரையின் வெப்பநிலையில் அது இருக்கிறது, மறுபடி சேர்க்கக்கூடாது. சிஎஃப்டியின் கதிர்ப்பு மாதிரியையும் அணைத்து வையுங்கள், அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

யன்னல் வளிக்குக் கனவளவை அனுப்பாமல் திணிவை அனுப்புங்கள். சூடான வளி விரிவதால் உள்ளே வரும் கனவளவும் வெளியே போகும் கனவளவும் சமமாக வராது. வரும் யன்னலுக்குத் திணிவுப் பாய்ச்சல், போகும் யன்னலுக்கு அமுக்கம். இரண்டுக்கும் பாய்ச்சலைக் கொடுத்தால் தீர்வு குவியாது, ஒரு விடையில் நிலைக்காது.

ஒரே யன்னலில் கீழால் வந்து மேலால் போகும் நேரங்கள் உண்டு, காற்று ஓய்ந்த ஏப்ரலில் குறிப்பாக. எனர்ஜிப்ளஸ் இரண்டு திசைகளையும் தனித்தனியே தரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒரே எண்ணாக்கினால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வரும், அறைக்குக் காற்றே இல்லாததுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட நேரத்துக்கு யன்னலுக்கு வெளியிலும் கொஞ்ச இடத்தை வலையில் சேர்த்து, ஓட்டத்தைத் தானாக நடக்க விடுங்கள்.

11. சிஎஃப்டி ஓட்டம்

மிதப்பு விசையோடு கூடிய நிலையான ஓட்டத் தீர்வியை எடுங்கள். வலையைச் சுவரோரம் நெருக்கிப் போடுங்கள். நாங்கள் திரும்ப எடுக்கப்போகும் குணகம் சுவரோர முதற் கலங்களிலிருந்துதான் வருகிறது. வலையை ஒருமுறை இன்னும் நெருக்கி ஓட்டிக் குணகம் மாறுகிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மின் போகும். ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை கோப்பு எழுதவும், கடைசி நேரத்திலிருந்து தொடங்கவும் கட்டுப்பாட்டுக் கோப்பில் முதலிலேயே எழுதிவிடுங்கள். எட்டு மணித்தியாலம் ஓடிய தீர்வை ஒரு மின்வெட்டில் இழந்த பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

12. மூன்றாம் பரிமாற்றம்: மேற்காவுகைக் குணகம்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

குணகம் என்பது வெப்பப் பாயத்தை ஒரு வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்தது. எந்த வேறுபாடு? சுவருக்கும் அதை ஒட்டிய கலத்துக்கும் உள்ளதா, சுவருக்கும் அறையின் சராசரி வளிக்கும் உள்ளதா? எனர்ஜிப்ளஸ் வழமையாக அறையின் சராசரி வளி வெப்பநிலையைத்தான் எடுக்கும். சிஎஃப்டிப் பின்னாய்வுக் கருவிகள் பல ஒட்டிய கலத்தையோ நீங்கள் கொடுத்த நிலையான ஒரு எண்ணையோ எடுக்கும்.

கூரையை எடுப்போம். சீற்றின் அடிப்பக்கம் 48 பாகை, அதை ஒட்டிய வளி 44, அறையின் சராசரி 34. சூடான வளி கூரையடியில் தேங்கி நிற்கிறது, கீழே இறங்கவில்லை. அதனால்தான் இந்த வேறுபாடு. கூரையிலிருந்து வளிக்குப் போகும் பாயம் சதுர மீற்றருக்கு 24 வாற்று என்று சிஎஃப்டி சொல்கிறது.

ஒட்டிய கலத்தால் வகுத்தால் 24 ÷ 4 = 6. அறைச் சராசரியால் வகுத்தால் 24 ÷ 14 = 1.71.

6ஐ எனர்ஜிப்ளஸுக்குக் கொடுங்கள். அது 6ஐ 14 ஆல் பெருக்கும்: 84 வாற்று. 24 இருந்த இடத்தில் 84. கூரை தன் சூட்டை எல்லாம் வளிக்குக் கொட்டிக் குளிர்ந்துவிட்டதாகக் கணக்கு வரும், அறை வளி வேகும். அடுத்த சுற்றில் குளிர்ந்த கூரையைச் சிஎஃப்டி வாங்கும், தேங்கிய அடுக்கு கரைந்துபோகும். இரண்டு சுற்றில் உங்கள் வாசிகசாலை வேறொரு கட்டடம். கடைசியில் "கூரைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, யன்னல் போதும்" என்று ஊராருக்குச் சொல்லி, அவர்களுடைய காசைப் பிழையான இடத்தில் போட வைப்பீர்கள். இதனால்தான் இந்தப் படியில் நான் கண்டிப்பாக நிற்கிறேன்.

எனவே சிஎஃப்டியிலிருந்து குணகத்தை எடுக்காதீர்கள். பாயத்தை எடுங்கள், அறையின் கனவளவுச் சராசரி வெப்பநிலையை எடுங்கள், குணகத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

வேறுபாடு அரைப் பாகைக்கும் குறைவாக உள்ள மேற்பரப்புகளை விட்டுவிடுங்கள். சிறிய எண்ணால் வகுக்கும்போது குணகம் இருநூறு முந்நூறு என்று ஏறும், சில நேரம் மறை எண்ணாகவும் வரும். அந்த மேற்பரப்புகளுக்கு எனர்ஜிப்ளஸின் சொந்தக் கணிப்பே இருக்கட்டும்; அங்கே போகும் வெப்பமும் சொற்பம். எனர்ஜிப்ளஸ் 0.1க்குக் குறைந்த குணகத்தை வழமையாக ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்முகத்துக்கு எழுத வேண்டியதை வெளிமுகத்துக்கு எழுதிவிடாமல் பாருங்கள். குணகம் கொடுக்கும் விதியில் இடம் உள்ளா வெளியா என்று ஒரு சொல்தான் வேறுபாடு.

13. எத்தனை சுற்று?

புதிய குணகத்தோடு எனர்ஜிப்ளஸ், புதிய வெப்பநிலையோடு சிஎஃப்டி. ஒவ்வொரு சுற்றிலும் புதிய குணகத்தை முழுதாக எடுக்காமல், பழையதன் பாதியும் புதியதன் பாதியும் சேர்த்துக் கொடுங்கள், ஊசலாட்டம் அடங்கும். எந்த மேற்பரப்பும் 0.2 பாகைக்கு மேல் மாறாவிட்டால் நிறுத்தலாம். இப்படிச் சின்னக் கட்டடங்கள் எனக்கு மூன்று முதல் ஐந்து சுற்றில் அடங்கியிருக்கின்றன. எட்டுச் சுற்றுக்கும் அடங்காவிட்டால் இன்னும் ஓட்டிப் பயனில்லை, பரிமாற்றத் தாளுக்குத் திரும்புங்கள். அலகோ சார்பு வெப்பநிலையோ எங்கோ பிழைத்திருக்கிறது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெப்பக் கணக்குப் பாருங்கள்: எல்லா மேற்பரப்புகளிலிருந்தும் வளிக்குப் போன வாற்றுகளைக் கூட்டி, இரண்டு மென்பொருளிலும் ஒப்பிடுங்கள். குவிந்த தீர்வில் இரண்டும் சில வீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். ஒரு மேற்பரப்பில் மட்டும் விலகினால் பெயர் மாறியிருக்கலாம், எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் விலகினால் பரப்பளவு.

14. கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தல்

தெரிந்தெடுத்த நேரத்தை ஒத்த ஒரு நாளில், பிற்பகல் 2 மணிக்கு, அகச்சிவப்பு வெப்பமானியோடு வாசிகசாலைக்குப் போங்கள். இரண்டு கூரைச் சரிவுகளின் அடியும், நான்கு சுவர்களின் உள்முகமும், தரையும். மேசை உயரத்திலும் தலைக்கு மேலும் வளி வெப்பநிலை. பிறகு சாம்பிராணி கொளுத்தி ஒவ்வொரு யன்னலிலும் பிடித்துப் புகை உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று கீழ், நடு, மேல் மூன்று இடத்திலும் குறியுங்கள். ஒரு திசை மாறியிருந்தாலும் 8ஆம் படியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கூரை மட்டும் மாதிரியைவிடச் சூடாக இருந்தால் சிஎஃப்டியைத் தொடாதீர்கள். பழைய அஸ்பெஸ்டோஸ் சீற் பாசி படிந்து கறுத்திருக்கும். புதுச் சீற்றைவிட அது அதிக வெயிலை உறிஞ்சும். ஏணி வைத்துக் கூரையின் மேற்பக்க நிறத்தைப் பாருங்கள், சீற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள். வெப்ப மாதிரியில் உறிஞ்சு குணகத்தைத் திருத்தி, 10ஆம் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.